ஒரே எண்ணில் இரண்டு பைகள்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

செய்யாத தவறை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ரத்த வங்கியின் எண் வரிசையைப் பின்னுக்கு இழுத்து, ஐம்பத்தொன்பது பேருக்கு ஏற்கெனவே கொடுத்த எண்களை மறுபடி வேறு ஐம்பத்தொன்பது பேருக்குக் கொடுக்க வைத்தது நான்தான் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. நகல் நேற்றுப் பதிவுத் தபாலில் வந்தது. கடைசிப் பக்கத்தில், நிர்வாக அலுவலர் என்ற இடத்தில் உன் கையெழுத்து.

நான் நலம். முழங்கால் அப்படியேதான். நீயும் உன் மனைவியும் நலமா? இதைப் போனில் கேட்காததற்குக் காரணம் உண்டு. போனில் நீ "பாத்துக்கலாம்க்கா" என்பாய், நானும் வைத்துவிடுவேன். எழுத்தில் அப்படி நழுவ முடியாது. இந்த விஷயம் முடியும்வரை நீ அழைத்தாலும் எடுக்க மாட்டேன்.

நூலகத்தில் எடுத்த ஒரு தடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, யாரிடமும் போய் நிற்காமல், நானே கற்றுக் கட்டிய தரவுத்தளம் அது. பத்தொன்பது வருடம் ஓடியது. ரத்தம் கொடுப்பவரின் பெயரைப் பதிந்தால் அடுத்த எண் தானாக வரும். பைக்கும் அதே எண், சோதனைக் குழாய்க்கும் அதே எண். சோதனை முடிவு ஆளின் பெயரைத் தேடிப் போவதில்லை, எண்ணைத் தேடித்தான் போகிறது. அதனால்தான் சீக்வென்ஸ் என்ற எண்ணியை வைத்தேன். அது முன்னால் மட்டும் போகும். யாராவது கழுத்தைப் பிடித்து இழுத்தால் ஒழியப் பின்னால் வராது.

இரண்டு கோரிக்கைகள். ஒன்று, அறிக்கையிலிருந்து என் பெயரை நீக்க வேண்டும்.

இரண்டு, 60417. அறிக்கையின்படி அந்த எண் அக்டோபர் 12 அன்று ஒரு தையல்காரருக்கும், 17 அன்று ஒரு பேருந்து ஓட்டுநருக்கும் போயிருக்கிறது. ஒருவர் ரத்தத்தில் கல்லீரலைக் கெடுக்கும் கிருமி. "தொடர்புடைய பைகள் அகற்றப்பட்டன" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் அகற்றினார்? என்றைக்கு? சிவப்பணுப் பைகளுக்கு நாற்பத்திரண்டு நாள்தான் ஆயுள், அந்தக் கணக்கு முடிந்தது. ஆனால் ரத்தத்திலிருந்து பிரித்து உறையவைத்த பிளாஸ்மா ஒரு வருடம் கிடக்கும். அந்த எண்ணில் இரண்டு பிளாஸ்மாப் பைகள் இருந்திருக்கும். உறைபெட்டியைத் திறந்து பார். பையின் மேல் தேதி இருக்கும். இரண்டு நிமிட வேலை.

மற்ற ஐம்பத்தெட்டு எண்களிலும் எல்லோருடைய ரத்தமும் சுத்தமாக வந்திருக்கிறது. அது நம் சாமர்த்தியம் இல்லை.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? படி ஏறி இறங்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

அறிக்கையை நீ இவ்வளவு மனத்தில் எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. அது வெறும் சம்பிரதாயம். மாற்றம் உன் கணக்கின் பெயரில் நுழைந்து செய்யப்பட்டிருக்கிறது, அதனால் உன் பெயர் வந்தது. நீயோ ஓய்வு பெற்றுவிட்டாய். உன்னை யார் என்ன செய்ய முடியும்? வேலையில் இருப்பவன் பெயர் வந்திருந்தால் அவன் கதி என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

அந்தத் தையல்காரர்தான் எல்லாவற்றையும் கிளப்பினார். நோய் இருப்பதாக அவருக்குச் சொல்லி, மறு சோதனையில் இல்லை என்று வந்ததும் என் மேசை முன்னால் நின்று ஆடினார் பார்: "பத்து நாள் என் பொண்டாட்டிய அழ வெச்சீங்க. இப்ப இல்லேங்கிறீங்க. அப்ப இது யாரு நோய்யா? அந்த ஆள வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க!" ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன்.

உறைபெட்டி விஷயம் பார்த்தாயிற்று. நீ பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். ஓய்வு எடு.

தம்பி


பிப்ரவரி 21

தம்பிக்கு,

ஒத்தடம் கொடுக்கிறேன். கால் வலிக்கு மருந்து இருக்கிறது.

அந்தத் தையல்காரர் கேட்டதில் சிரிக்க என்ன இருக்கிறது? சரியான கேள்வி. அந்த நோய் அந்த ஓட்டுநருடையது. அவருக்கு யாராவது சொன்னார்களா? அறிக்கையில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் தினமும் பேருந்து ஓட்டிக்கொண்டு, தனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"பார்த்தாயிற்று" என்று எழுதியிருக்கிறாய். பார்த்தேன் என்று எழுதவில்லை. யார் பார்த்தது? தேதி என்ன இருந்தது? 12ஆ, 17ஆ?

என் கணக்கின் பெயரில் மாற்றம் நடந்தது அக்டோபர் 12, பிற்பகல் மூன்று நாற்பது என்கிறது அறிக்கை. அன்று எனக்கு வலது கண்ணில் அறுவை. மூன்று நாற்பதுக்கு நான் கண்ணில் கட்டோடு படுத்திருந்தேன். கண் மருத்துவமனைச் சீட்டு இத்துடன் இருக்கிறது. இது நகல். அசலை நான் யாரிடமும் கொடுக்கப் போவதில்லை.

வேலையை விட்ட அன்று கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒரே ஒருவரிடம்தான் கொடுத்தேன். அதற்கு மேல் இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. பாவம் உறைபெட்டியில் இருக்கிறது. திறந்து பார்.

அக்கா


மார்ச் 9

தம்பிக்கு,

பதினாறு நாளாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்கவில்லை. நீங்கள் இப்போது பயன்படுத்தும் அந்த மென்பொருளை, தட்டச்சு செய்யாமல் ஜன்னல் ஜன்னலாகத் திறந்து சுட்டியால் அமுக்கும் அந்த வரைகலைக் கருவியை, என் கணினியிலும் போட்டுக்கொண்டேன். கீழே கணினி பழுது பார்க்கும் கடைக்காரர்தான் ஏற்றிக் கொடுத்தார். "ஏம்மா, இந்த வயசுல டேட்டாபேஸ் எதுக்கு? பேசாம படம் கிடம் பாருங்களேன்" என்றார். "நான் பாக்கப்போறதும் படந்தான். கொலைப் படம்" என்றேன்.

நான் செய்து பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். ஒரு சீக்வென்ஸ் உண்டாக்கி எண்களை ஓடவிட்டேன். நூறுக்கு வந்ததும், அதன் பண்புகள் என்ற ஜன்னலைத் திறந்தேன். அதில் பெட்டி பெட்டியாக இருந்தது: எத்தனை எத்தனையாகக் கூட்டுவது, உச்ச வரம்பு எவ்வளவு, இப்போதைய எண் என்ன. ஜன்னலை மூடாமல் அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு பக்கம் ஐம்பத்தொன்பது எண்கள் எடுத்தேன். நூற்று ஐம்பத்தொன்பதுக்கு வந்துவிட்டது. திரும்பி வந்து, திறந்து கிடந்த ஜன்னலில் உச்ச வரம்பை மட்டும் மாற்றினேன். வேறெதையும் தொடவில்லை. 'சேமி' என்பதை அமுக்கினேன்.

அடுத்த எண் கேட்டேன். நூற்று ஒன்று என்றது.

நான் மாற்றிய ஒரு பெட்டியை மட்டும் அது எழுதவில்லை. எல்லாப் பெட்டிகளையும் சேர்த்து எழுதியது. இப்போதைய எண் என்ற பெட்டியில், ஜன்னல் திறந்தபோது இருந்த பழைய எண் உட்கார்ந்திருந்தது. அதையும் எழுதிவிட்டது. ஒரு எச்சரிக்கை இல்லை, ஒரு கேள்வி இல்லை. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அதே.

அக்டோபர் 12 அன்று உச்ச வரம்பும் மாறியதாக அறிக்கை சொல்கிறது. ஆக, அன்று காலையில் யாரோ வரம்பை உயர்த்த ஜன்னலைத் திறந்தார். பிறகு எழுந்து போனார். அன்றைக்குத் துணித் தொழிற்சாலையிலிருந்து ஐம்பத்தொன்பது பேர் மொத்தமாக ரத்தம் கொடுக்க வந்தார்கள். மூன்று நாற்பதுக்கு அவர் திரும்பி வந்து சேமித்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. யாருக்கும் நடக்கும்.

யாருக்கும் நடக்கும் என்று நான் எழுதியிருப்பதை இன்னொரு தடவை படி. படித்துவிட்டு உறைபெட்டியைத் திற.

அக்கா


மார்ச் 20

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.

தாங்கள் அனுப்பிய கடிதங்கள் கிடைத்தன. தாங்கள் செய்த பரிசோதனை தங்கள் சொந்தக் கணினியில் நடந்தது. அதை இங்குள்ள நிகழ்வுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. அறிக்கை மருத்துவமனைத் தலைவரால் ஏற்கப்பட்டு, கோப்பு மூடப்பட்டுவிட்டது. நீங்கள் இதைத் தொடர்வது தங்கள் உடல்நலத்துக்கும் நல்லதல்ல.

தம்பி


மார்ச் 24

தம்பி,

என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். நாலு வயதில் என் சடையைப் பிடித்துத் தொங்கினவன், ஐம்பத்தாறு வயதில் "தாங்கள்" என்கிறாய். இந்தக் கடிதத்தை எனக்காக எழுதவில்லை. நாளைக்கு யாராவது கோப்பைப் பிரித்தால் காட்டுவதற்காக எழுதியிருக்கிறாய். அவ்வளவு பயந்திருக்கிறாயா?

கேள். யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. என் பெயரைக்கூட இப்போதைக்கு விடு. நீலக் கதவு உறைபெட்டி, எண்வாரியாக அடுக்கியிருக்கும், அறுபதாயிரத்து நானூறுகள் கீழிருந்து இரண்டாவது இழுப்பறை. கையுறை போட்டுக்கொண்டு 60417ஐ எடு. லேபிளில் அக்டோபர் 12 என்று இருந்தால் தையல்காரருடையது, நல்லது. 17 என்று இருந்தால் ஓட்டுநருடையது. எதுவாக இருந்தாலும் வெளியே எடுத்து ஒதுக்கி வை. யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். பை கிழிந்துவிட்டது என்று சொல். பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறேன் என்றாலும் பரவாயில்லை.

யாராவது ஒருவருக்கு ரத்தப்போக்கு நிற்காமல், டாக்டர் பிளாஸ்மா கேட்டு, குளிரறையில் இருப்பவர் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் செய்.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

எப்படி இருக்கிறாய்? எனக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. வீட்டில் அவள் என்னவென்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கணக்குத் தணிக்கை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்றுக் குளிரறைக்குப் போனேன். உனக்குத் தெரியுமே, நீ பனிக்கரடி என்று பெயர் வைத்தாயே, அவர்தான் இருந்தார். 60417 பிளாஸ்மா வேண்டும் என்றேன்.

"அந்த நம்பரா? அது கழிக்கச் சொன்ன நம்பர்தானே சார்? நவம்பர்லயே ஒண்ண எடுத்துக் கழிச்சேன்."

"இன்னொண்ணு இருக்கணுமே."

"இருந்துச்சு சார். ஒரு நம்பர்ல எத்தன பைன்னு யார் எண்ணுவா? ஒரே ரத்தத்த நாமதானே பிரிச்சு நாலஞ்சு பையாக்கறோம். கழிக்கச் சொன்ன சீட்டுல 'ஒரு பை'ன்னு போட்டிருந்துச்சு. ஒண்ணக் கழிச்சேன்."

"இப்ப எங்க?"

"போயிடுச்சு சார். போன மாசம் பிரசவ வார்டுல அவசரம்னு கேட்டாங்க. மார்ச் இருபத்தொம்பது. ஏன் சார், எதாவது பிரச்சினையா? உக்காருங்க சார். மூஞ்சியெல்லாம் வேர்க்குது, இங்க போய் வேர்க்குதே!"

அவர் சிரித்தார். நான் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தம்பி


ஏப்ரல் 18

தம்பி,

உன் கடிதம் வந்ததும் போன் செய்தேன். போன் வேண்டாம் என்று சொன்னவளே செய்தேன். ஆறு தடவை. நீ எடுக்கவில்லை. உன் மனைவியிடம் கேட்டால், குளிக்கிறார் என்றாள். காலையிலும் குளியல், மாலையிலும் குளியல்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். போன பையில் என்ன தேதி? போட்டுக்கொண்டது யார்? அவருக்குச் சொல்லியாயிற்றா? மறுநாளே எழுது. நலம் விசாரிக்க வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 23

அக்கா,

தேதி தெரியவில்லை. வழங்கல் பதிவேட்டில் எண்ணை மட்டும்தான் எழுதுகிறார்கள். ரத்த வகையும் இருவருக்கும் ஒன்றேதான். காலிப் பையை மறுநாளே எரித்துவிடுவார்கள். நவம்பரில் கழித்ததில் என்ன தேதி இருந்தது என்பதும் யாருக்கும் ஞாபகம் இல்லை. பாதிக்குப் பாதி, அக்கா. தையல்காரருடையதாகவும் இருக்கலாம். தினமும் காலையில் எழுந்ததும் தையல்காரருடையதுதான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

முதல் பிரசவம். இருபத்துநாலு வயதுப் பெண். ரத்தப்போக்கு அதிகமாகி, பிளாஸ்மாவில்தான் பிழைத்தாள் என்றார்கள். ஆறாம் நாள் குழந்தையோடு வீட்டுக்குப் போய்விட்டாள். முகவரி என் சட்டைப் பையில் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

நீ பிப்ரவரி மூன்றாம் தேதி எழுதினாய். பை மார்ச் இருபத்தொன்பது வரைக்கும் அங்கேதான் இருந்திருக்கிறது. என் மேசையிலிருந்து குளிரறைக்கு நாற்பது அடி தூரம்கூட இல்லை. நான் போய்ப் பார்த்தால், பார்க்க வேண்டியிருந்தது என்று ஆகிவிடும். அறிக்கையில் அகற்றப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே. அதனால் போகவில்லை. இவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஒன்றும் தேடாதே.

அக்டோபர் 12 அன்று அந்த மாற்றத்தைச் செய்தது நான்தான். வரம்பு அறுபத்தோராயிரத்தில் முடிகிறது, அதை உயர்த்தலாம் என்று திறந்தேன். எனக்கென்று தனிக் கணக்கு வாங்கப் படிவம் நிரப்ப வேண்டும். உன் கடவுச்சொல் சீட்டு மேசை இழுப்பறையில் இருந்தது. ஜன்னலைத் திறந்தேன், கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், போனேன். திரும்பி வந்து அமுக்கினேன். "சேமிக்கப்பட்டது" என்று பச்சையில் வந்தது. வீட்டுக்கு வந்து அவளிடம் பெருமையாகச் சொன்னேன், அக்கா அரை நாள் கறுப்புத் திரையில் தட்டுகிற வேலையை நான் அரை நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்று.

ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது எனக்கு. என்ன செய்யட்டும், சொல்.

தம்பி


ஏப்ரல் 26

தம்பிக்கு,

நான் நலம். நீ நலமாக இல்லை என்று தெரிகிறது. இந்த முறை சாப்பிடு, தூங்கு என்று எழுதப் போவதில்லை.

என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன் என் பங்கையும் எழுதிவிடுகிறேன். பிரித்த பைகள் எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்பதால், ஒரு எண் இரண்டு முறை வந்தால் மறுக்கும் பூட்டை நான் போடவில்லை. ரத்தம் கொடுத்தவர் பட்டியலிலாவது போட்டிருக்க வேண்டும். எண்ணி ஒருபோதும் பின்னால் வராது என்று நம்பினேன். அந்தப் பூட்டு இருந்திருந்தால், மறுநாள் காலை முதல் ஆளிலேயே கணினி கத்தியிருக்கும். எண்ணைத் தேடினால் முதலில் பதிந்த பெயரை மட்டும் காட்டும்படி எழுதியதும் நான்தான். அதனால்தான் தையல்காரருக்குப் போன சேதி ஓட்டுநருக்குப் போகவில்லை. பத்தொன்பது வருடம் யாரையும் என் நிரலைப் பார்க்க விடவில்லை. பார்த்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

இன்னொன்று. பிப்ரவரி மூன்றாம் தேதிக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. அதில் என் பெயர் முதல் கோரிக்கை, பை இரண்டாவது. யார் செய்தது என்பது அறிக்கையில் நேரத்தைப் பார்த்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. மருத்துவமனைத் தலைவருக்கு ஒரு வரி எழுதியிருந்தால் அன்றே உறைபெட்டி திறந்திருக்கும். எழுதவில்லை. என் தம்பி வாயால் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். நீ பயத்தில் ஏழு வாரம் கழித்தாய். நான் ரோஷத்தில் அதே ஏழு வாரம் கழித்தேன். அந்தப் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் தலைவரிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பேன். உன் கடைசிக் கடிதத்தின் நகலும் அவருக்குப் போகிறது. அதற்காக என்னை நீ மன்னிக்க வேண்டியதில்லை. இனிச் செய்ய வேண்டியவை:

தலைவர்: அந்தப் பெண்ணையும் குழந்தையையும் உடனே அழைத்துச் சோதிக்க வேண்டும். இப்போது ஒன்றும் தெரியாவிட்டாலும், டாக்டர் சொல்லும் நாட்களில் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். ஒரு தடவை பார்த்துவிட்டு நல்லதாயிற்று என்று கோப்பை மூடக் கூடாது.

சோதனைக்கூட டாக்டர்: ஓட்டுநரை அழைத்து, அவர் நோயை அவரிடம் சொல்ல வேண்டும். தபாலில் அல்ல, நேரில். ஆறு மாதம் தாமதம் என்பதையும் சொல்ல வேண்டும்.

பனிக்கரடி: அந்த ஐம்பத்தொன்பது எண்களில் மிஞ்சியிருக்கும் பைகள் எல்லாவற்றையும் இன்றே தனியே எடுத்துப் பூட்ட வேண்டும். இனி எந்தப் பை வெளியே போனாலும் எண்ணோடு தேதியையும் பதிவேட்டில் எழுத வேண்டும். அவர் மேல் ஒரு பழியும் வரக் கூடாது. சீட்டில் இருந்ததை அவர் செய்தார்.

கணினிப் பிரிவு: என் கணக்கை அழிக்க வேண்டும். ஒருவர் பெயரில் இன்னொருவர் நுழைய முடியாதபடி செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் எண்ணியை ஜன்னலில் தொட யாருக்கும் அனுமதி இருக்கக் கூடாது. மாற்ற வேண்டுமென்றால் மாற்றுகிற ஒன்றை மட்டும் கட்டளையாக எழுதி, இன்னொருவர் படித்த பிறகே ஓட்ட வேண்டும்.

நான்: நான் போடாமல் விட்ட பூட்டைப் போட்டுக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். உன் வீட்டில் தங்க மாட்டேன்.

விசாரணைக் குழு: அறிக்கையில் என் பெயரை அடித்து, செய்தவர் பெயரை எழுத வேண்டும். இந்தக் கோரிக்கையை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். எழுதாமல் விட்ட பூட்டுக்காக என் பெயரை மறுபடி சேர்த்தால், அதை ஏற்கிறேன்.

நீ: சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சட்டைப் பையில் இருக்கும் முகவரியோடு மருத்துவமனை வாசலில் நிற்க வேண்டும். டாக்டர் வருவார், நானும் வருவேன். டாக்டர் நோயைப் பற்றிச் சொல்வார். அது எப்படி நடந்தது என்று அந்தப் பெண் கேட்பாள். அப்போது டாக்டரும் பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன். நீ சொல்ல வேண்டும்.

அக்கா